முதியோரின் மாத்திரைப் பையை யார் பார்ப்பது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முதியோர் மருத்துவம் குறித்துத் தங்கள் நாளிதழில் வரும் செய்திகளைத் தவறாமல் படித்து வருகிறேன். அவற்றுள் பெரும்பாலானவை புதிய கட்டடம், புதிய ஸ்கேன் கருவி, காப்பீட்டுத் தொகை ஆகியவற்றைப் பற்றியே அமைகின்றன. 70 வயது நிறைந்தவர்களுக்கு வருமான வரம்பின்றி ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு அளிக்கும் திட்டத்தை மத்திய அரசு 2024 அக்டோபரில் தொடங்கியது நல்ல செய்தியே. ஆனால் அந்த அட்டை மருத்துவமனையில் படுக்கையில் சேர்ந்தால்தான் பயன்படும். காலையில் எழுந்ததும் வரும் கிறுகிறுப்புக்கும், மாலையில் வீங்கும் காலுக்கும், இரவில் நான்கு முறை எழுந்து சிறுநீர் கழிக்கப் போவதற்கும் ஒரு முதியவர் போய் நிற்பது ஆரம்ப சுகாதார நிலையத்தின் வரிசையில்தான். அந்த வரிசையின் மறுமுனையில், மருந்து வழங்கும் ஜன்னலுக்குள், இன்றைய வேலூர் மாவட்டத்தின் பல ஊர்களில் மருந்தாளுநராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் 60 வயதைக் கடந்தவர்கள் 10.4 விழுக்காடு. 2031-இல் இது 18 விழுக்காட்டைத் தாண்டும் என்று மத்திய அரசின் மக்கள்தொகைக் கணிப்பு கூறுகிறது. பிள்ளைகள் பெங்களூரிலும் சென்னையிலும் வேலை பார்க்க, பெற்றோர் மட்டும் ஊரில் இருக்கும் வீடுகள் குடியாத்தம், பேரணாம்பட்டு, ஒடுகத்தூர்ப் பக்கம் தெருவுக்குத் தெரு உண்டு. வேலூர் என்றாலே வெளிமாநிலத்தவர் ரயிலேறி வந்து வைத்தியம் பார்த்துச் செல்லும் ஊர் என்று பெயர். ஆனால் சி.எம்.சி. மருத்துவமனையை நிறுவி அந்தப் பெயருக்கு அடித்தளமிட்ட ஐடா ஸ்கட்டர் அம்மையாரே, நூறு ஆண்டுகளுக்கு முன் குடியாத்தம் சாலையில் மரத்தடிகளில் வண்டியை நிறுத்தி, நோயாளிகள் இருக்கும் இடத்துக்குப் போய் மருந்து கொடுத்தவர். முதியோருக்கு வேண்டியது இன்றைக்கும் அப்படிப்பட்ட, பக்கத்தில் கிடைக்கும் வைத்தியம்தான்.

நான் சொல்ல வந்தது ஒன்றே. நம் முதியவர்களுக்கு மருந்து கிடைக்கவில்லை என்பது இப்போது பெரிய குறை இல்லை; 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்துக்குப் பிறகு சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் உரிய மாத்திரைகள் வீட்டு வாசலுக்கே வருகின்றன. பல இடங்களிலிருந்து வரும் மாத்திரைகளையெல்லாம் ஒருங்கே கொட்டிப் பார்த்து, எது வேண்டும், எது வேண்டாம் என்று சொல்ல ஓர் ஆள் இல்லை என்பதே குறை.

ஒரு முதியவரின் மாத்திரைப் பை எப்படி நிரம்புகிறது என்பதை மருந்து ஜன்னலில் நிற்பவன் அறிவான். அரசு நிலையத்தில் மாதாந்திர மாத்திரை. திருவிழாவுக்கு வந்த மகன் தனியார் மருத்துவமனைக்கு அழைத்துப் போய் எழுதி வாங்கித் தந்தது ஒரு கட்டு. மூட்டு வலிக்கு, பேருந்து நிலையத்து மருந்துக்கடையில் காகிதத்தில் மடித்துக் கொடுத்த ‘செட்’ மாத்திரை. போன ஆண்டு இறந்துபோன கணவருக்கு வாங்கி மீந்ததும் சில சமயம் அதில் இருக்கும். தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தின் வழியாக 1995 முதல் அரசு நிலையங்களுக்கு வரும் அட்டைகளில் மருந்தின் வேதிப்பெயரே இருக்கும், தனியார் அட்டைகளில் வணிகப் பெயரும் சேர்ந்து இருக்கும், இரண்டும் ஆங்கிலத்தில். ஆகவே நம் பெரியவர்கள் மாத்திரையை நிறத்தையும் வடிவத்தையும் கொண்டே அடையாளம் வைத்திருக்கிறார்கள். ஒப்பந்ததாரர் மாறி வெள்ளை மாத்திரை இளஞ்சிவப்பாக வந்துவிட்டால், பழையதை நிறுத்தாமல் புதியதையும் சேர்த்து விழுங்குபவர்கள் உண்டு.

எங்கள் தெருவில் எழுபது வயதைக் கடந்த ஒரு நெசவாளர் வீட்டு மூதாட்டி, “எழுந்து நின்னா கண்ணு இருட்டிகினு வருது தம்பி” என்று சொல்லி, ஒரு மஞ்சள் பையைத் திண்ணையில் கொட்டினார். அரசு நிலையம் தந்த ரத்த அழுத்த மாத்திரையான அம்லோடிபின் இருந்தது. தனியார் மருத்துவர் எழுதிய வேறொரு பெயர் கொண்ட மாத்திரையைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படித்தால், அதுவும் அம்லோடிபின், கூடவே அழுத்தத்தைக் குறைக்கும் அடெனலாலும் சேர்ந்தது. அம்லோடிபின் அளவு கூடினால் கணுக்கால் வீங்கும். வீங்கிய காலைப் பார்த்த இன்னொருவர் ‘நீர் மாத்திரை’ எழுதியிருந்தார். நீர் மாத்திரையால் இரவெல்லாம் எழுந்து போக வேண்டியதாயிற்று. அழுத்தமும் மேலும் இறங்கியது. தலைசுற்றலுக்கென்று சின்னரிசின் வந்து சேர்ந்தது. அதை மாதக்கணக்கில் சாப்பிட்டால் முதியவர்களுக்குக் கை நடுக்கமும் நடைத் தளர்ச்சியும் வரக்கூடும். இவ்வளவுக்கும் நடுவில், மூட்டு வலிக்காகக் கடையில் வாங்கிய டைக்ளோஃபெனாக், ரத்த அழுத்தத்தை ஏற்றிவிடும் குணமுடையது. ஒவ்வொருவரும் தம் முன் வந்த உபாதைக்கு மருந்து எழுதினார்களே தவிர, முந்தைய மருந்தின் விளைவுதான் இந்த உபாதை என்று பார்க்க எவருக்கும் வாய்ப்பில்லை. ஏனென்றால் பை வீட்டில் இருந்தது. அதை அப்படியே எடுத்துக்கொண்டு அரசு மருத்துவரிடம் போகும்படி அவருடைய மருமகளிடம் சொன்னேன். மருத்துவர் படுக்க வைத்தும் நிற்க வைத்தும் அழுத்தம் பார்த்து, இரட்டிப்பாக இருந்ததை நீக்கி, மற்றவற்றைப் படிப்படியாகக் குறைத்தார். கால் வீக்கம் வடிந்தது. மூட்டு வலி இருக்கத்தான் செய்கிறது.

நிற்க வைத்து அழுத்தம் பார்ப்பது என்றேனே, அதற்குத் தனிக் கருவி எதுவும் வேண்டாம். ஐந்து நிமிடம் படுக்க வைத்து ஒரு முறை, எழுந்து நின்ற மூன்று நிமிடங்களுக்குள் மறுபடியும் பார்க்க வேண்டும். மேல் எண்ணில் 20-ஓ அதற்கு மேலோ, கீழ் எண்ணில் 10-ஓ அதற்கு மேலோ இறங்கினால் அந்த முதியவர் எந்நேரமும் விழக்கூடும் என்று பொருள். ஆண்களுக்குப் புராஸ்டேட் வீக்கத்துக்குத் தரும் டாம்சுலோசினும் இவ்வாறு அழுத்தத்தை இறக்கக்கூடியது. வயதான காலத்தில் இடுப்பெலும்பு முறிந்து படுத்தால், அறுவை சிகிச்சையை முழுதுமாகக் காப்பீடு ஏற்றுக்கொண்டாலும், பழையபடி எழுந்து நடமாட முடியாமல் போவோர் பலர். ஆனாலும் நம் நிலையங்களில் உட்கார்ந்த நிலையில் ஒரே ஒரு முறை பார்த்து நோட்டில் எழுதுவதே வழக்கம். வரிசை நீளம் என்பது எனக்கும் தெரியும். எல்லாருக்கும் வேண்டாம், தலைசுற்றல் என்று சொல்பவர்களுக்கும் கடந்த ஓராண்டில் ஒரு முறையேனும் விழுந்தவர்களுக்கும் பார்த்தால் போதும்.

சர்க்கரை நோயிலும் இதே கதைதான். சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரையான கிளைபென்கிளமைடு 60 வயதைக் கடந்தவர்களுக்கு ஏற்றதன்று என்று உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலே குறிப்பிடுகிறது. சிறுநீரகம் தளர்ந்தவர் உடலில் அது நெடுநேரம் தங்கிச் சர்க்கரையை இறக்கிக்கொண்டே இருக்கும். பல் இல்லாமல் அரைவயிறு கஞ்சி குடித்துவிட்டுப் படுக்கும் பெரியவருக்கு விடியற்காலையில் சர்க்கரை தாழ்ந்து, உளறலும் வியர்வையும் வந்தால், வீட்டார் அதை ‘வயதாகிவிட்டது, புத்தி தடுமாறுகிறது’ என்று விட்டுவிடுகிறார்கள். தளர்ந்த முதியவருக்கு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை (HbA1c) 8 விழுக்காட்டை ஒட்டி இருந்தாலும் போதும் என்பதே முதியோர் மருத்துவ வழிகாட்டுதல்கள் சொல்வது. நாற்பது வயதுக்காரருக்கு வைக்கும் இலக்கை எண்பது வயதுக்காரருக்கு வைப்பதால் நன்மையைவிட ஆபத்தே மிகுதி. பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம் ஆகிய ஊர்களில் ரம்ஜான் நோன்பு இருக்கும் பெரியவர்களுக்கு, நோன்பு தொடங்குவதற்கு முன்பே மாத்திரையின் வேளையையும் அளவையும் சஹருக்கும் இஃப்தாருக்கும் ஏற்ப மாற்றிக் கொடுக்க வேண்டும். சிலரை, உடல்நிலையைச் சொல்லி, நோன்பு வேண்டாம் என்று மருத்துவர் அறிவுறுத்தவும் வேண்டும். காலை மாத்திரையைத் தாமே மாலைக்குத் தள்ளி, இரண்டையும் ஒன்றாக விழுங்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

வலி மாத்திரையைப் பற்றிச் சற்று அழுத்தியே சொல்ல வேண்டியிருக்கிறது. டைக்ளோஃபெனாக் மாத்திரை மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாத ‘எச்’ அட்டவணையைச் சேர்ந்தது. எனலாப்ரில் போன்ற அழுத்த மாத்திரையும் நீர் மாத்திரையும் சாப்பிடுபவர் அதனுடன் இதையும் சேர்த்தால் சிறுநீரகம் திடீரெனச் செயலிழக்கக்கூடும். இதற்கு நம் ஊர் வெயிலும் துணை போகிறது. வேலூரில் மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டும்போது, தாகமே சரியாக எடுக்காத வயதில் இருப்பவர் தண்ணீரும் குடிக்காமல், நீர் மாத்திரையையும் விடாமல், பீடி சுற்றும் தட்டின் முன் ஓட்டு வீட்டில் பகலெல்லாம் உட்கார்ந்திருக்கிறார். உடம்பில் சோடியம் இறங்கி மயங்கியவரை ‘வெயில் தாக்கிவிட்டது’ என்று தூக்கி வருகிறார்கள். கோடைக்கு முன், மார்ச்சிலோ ஏப்ரலிலோ, நீர் மாத்திரை சாப்பிடும் முதியவர்களின் அளவை ஒரு முறை மறுபரிசீலனை செய்வது பெரிய காரியமன்று. மூட்டு வலிக்கு முதலில் பாராசிட்டமால், ஒத்தடம், தொடைத் தசைக்கான உடற்பயிற்சி. பூசும் வலி மருந்தும் மாத்திரையைவிடப் பாதுகாப்பானது. ஆனால் ஊசி போடாத வைத்தியத்தை நம் பெரியவர்கள் வைத்தியமாகவே எண்ணுவதில்லை என்பதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

இன்னும் சிறு சிறு காரியங்கள் உண்டு. காது கேட்கவில்லை என்று வருபவரின் காதில் குறும்பி அடைத்திருக்கிறதா என்று பார்ப்பது. ஆண்டுக்கணக்கில் சர்க்கரைக்கான மெட்ஃபார்மினும் ‘கேஸ்’ மாத்திரையும் சாப்பிட்டுக் கால் மரத்துப் போனவருக்கு வைட்டமின் பி12 குறைவா என்று எண்ணிப் பார்ப்பது. சளிக்குத் தரும் குளோர்பெனிரமினால் சிறுநீர் அடைத்துக்கொண்ட பெரியவருக்கு அதை நிறுத்துவது. சோற்றைக் குறைத்துக்கொண்டு யாருடனும் பேசாமல் இருப்பவரிடம் மனச்சோர்வா என்று இரண்டு கேள்வி கேட்பது. இவை எதற்கும் ஸ்கேன் தேவையில்லை.

இவையெல்லாம் ஏட்டில் இல்லாதவையும் அல்ல. 2010-11-இல் தொடங்கிய தேசிய முதியோர் நலவாழ்வுத் திட்டம், ஆரம்ப சுகாதார நிலையங்களில் வாரம் ஒரு நாள் முதியோர் மருத்துவம் நடக்க வேண்டும் என்கிறது. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், 2007, அரசு மருத்துவமனைகளில் மூத்த குடிமக்களுக்குத் தனி வரிசை வேண்டும் என்கிறது. அந்த வார நாளை ‘பையோடு வரும் நாள்’ ஆக்கிவிடுங்கள் என்பதே மாவட்ட சுகாதாரத் துறைக்கு நான் வைக்கும் வேண்டுகோள். வீட்டிலிருக்கும் எல்லா மாத்திரைகளையும், கடை மாத்திரை, நாட்டு மருந்து உட்பட, ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஒவ்வொரு முதியவரும் கொண்டுவர வேண்டும். மருந்தாளுநர் அவற்றைப் பிரித்து அவரவர் நோட்டில் ஒரே பக்கத்தில் எழுதித் தரட்டும். மருத்துவர் அந்தப் பக்கத்தைப் பார்த்து முடிவு செய்யட்டும். மருந்தாளுநர் என்றால் எண்ணிக் கொடுப்பவர் என்ற எண்ணம் துறையிலேயே இருக்கிறது. படிப்பில் கற்ற மருந்தியலைப் பயன்படுத்த எங்களுக்கு வாய்ப்புக் கிடைத்ததே குறைவு. வீடு தேடி வரும் சுகாதாரத் தன்னார்வலர், புதிய மாத்திரையைக் கொடுப்பதோடு, போன மாதத்து மாத்திரையில் எவ்வளவு மீந்திருக்கிறது, வேறு எங்கே மருந்து வாங்குகிறீர்கள் என்ற இரண்டையும் கேட்டுக் குறித்துவந்தால் பாதி வேலை முடிந்துவிடும். அதே நோட்டைத் தனியார் மருத்துவரிடமும் கொண்டுபோக வேண்டும். அவர்களும் ‘இது அரசு நோட்டு’ என்று ஒதுக்காமல் அதிலேயே எழுத வேண்டும்.

இக்கடிதத்தைப் படித்துவிட்டு எவரும் தாமாக மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது என்பதையும் கூறிவிடுகிறேன். அடெனலால் போன்றவற்றைத் திடீரென நிறுத்தினால் மார்வலியும் மாரடைப்பும்கூட வரக்கூடும். எதைக் குறைப்பதும் மருத்துவர் சொல்லித்தான், ஒவ்வொன்றாகத்தான்.

தங்கள் நாளிதழிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. வேலூர் பதிப்பின் மாவட்டப் பக்கத்தில், எந்த ஆரம்ப சுகாதார நிலையத்தில் எந்தக் கிழமை முதியோர் மருத்துவம் நடக்கிறது என்ற பட்டியலைத் துறையிடம் கேட்டு வாங்கி மாதம் ஒரு முறை வெளியிட வேண்டும். கிழமை தெரியாமல் போய்த் திரும்பும் பெரியவர்கள் மறுமுறை போவதில்லை. வெளியூரில் இருக்கும் பிள்ளைகளும் அந்தப் பட்டியலைப் பார்த்து, “அம்மா, நாளைக்குப் பையை எடுத்துட்டுப் போங்க” என்று முதல் நாளே தொலைபேசியில் சொல்லிவிட முடியும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அரசு மருந்தாளுநர்,
குடியாத்தம், வேலூர் மாவட்டம்.