பொன்னாடைப் படம் போதும், ஓவியத்தைப் பற்றியும் எழுதுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு வணக்கம்.

போன ஞாயிறு பதிப்பில், நம்மவர்களுக்கு ஓவிய ரசனையே கிடையாது, அதனால்தான் கலைக்கூடங்கள் நிலைப்பதில்லை என்று ஒரு கட்டுரை வந்திருந்தது. பினாங்கு ஜார்ஜ் டவுனில், லிட்டில் இந்தியாவுக்குப் பக்கத்தில், பழைய கடைவீடு ஒன்றின் மாடியில் சின்னதாக ஓவியக்கூடம் நடத்துகிறவள் நான். கீழே துணிக்கடை, மேலே நாங்கள். கட்டுரையாளர் நினைப்பதுபோல் ஈ ஓட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. சனி, ஞாயிறுகளில் புடவை எடுக்க வந்தவர்கள், குவீன் ஸ்திரீட் மாரியம்மனைக் கும்பிட்டுவிட்டு வருகிறவர்கள், வெயிலுக்கு ஒதுங்குகிறவர்கள் என்று ஆட்கள் ஏறி வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். "சாமி படம் இல்லையாம்மா?" என்று கேட்பவர்களும் உண்டு. கேட்டுவிட்டு உடனே இறங்கிப் போவதில்லையே!

கெடா மாநிலத்திலிருந்து வந்த ஓர் இளைஞர், ரப்பர்த் தோட்டத்தில் மரத்துப் பால் பிடிக்கும் மங்குகளைக் கம்பியில் வரிசையாகத் தொங்கவிட்டு ஒரு படைப்பு வைத்திருந்தார். படித்தவர்கள் வந்தார்கள், நினைவு, இழப்பு, இடப்பெயர்வு என்று பேசினார்கள், போனார்கள். அப்புறம் பேத்தியோடு ஒரு பாட்டி வந்தார், இளமை முழுக்கப் பால்மரம் வெட்டியவர். சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "மங்கு இவ்ளோ சுத்தமா இருக்கே தம்பி, அன்னிக்கு மழையா, வெட்டு இல்லையா?" என்று அந்தப் பையனிடமே கேட்டுவிட்டார். அவன் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும். ஒரு வாரத்துக்குள் மங்குகளின் உள்ளே பால் காய்ந்து ஒட்டிக் கிடக்கும்படி எல்லாவற்றையும் மாற்றினான், லேசாக வாடையும் வந்தது, படைப்புக்கு அதுவரை இல்லாத ஒரு கனமும் வந்தது. இதைவிடக் கறாரான கலை விமர்சனத்தை நான் எந்தப் பத்திரிகையிலும் படித்ததில்லை, உங்கள் பத்திரிகையையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

சொல்ல வந்ததும் அதுதான். பரதநாட்டிய அரங்கேற்றம் என்றால் உங்களிடம் அரைப் பக்கம் கிடைக்கிறது, நூல் வெளியீடு என்றால் யார் எத்தனை பிரதி வாங்கினார் என்பதுவரை வருகிறது. ஓவியக் கண்காட்சி என்றால் மட்டும் ஒரே ஒரு படம். குத்துவிளக்கு, பொன்னாடை, நடுவில் பிரமுகர், அத்தனை பேரும் ஓவியத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார்கள். கீழே பெயர்கள் வரிசையாக வருகின்றன, வரைந்தவர் பெயரைத் தேட வேண்டியிருக்கிறது. சுவரில் என்ன இருந்தது, அது நன்றாக இருந்ததா என்று ஒரு வரி கிடையாது. வாசகர்கள் எதை வைத்து ரசிப்பார்கள், சொல்லுங்கள்? அழகன்குளத்தில் பிறந்து, பினாங்கில் வளர்ந்து, சென்னையில் ஓவியம் படித்து, ராமாயணக் காட்சிகளைத் தீட்டிய சையது தாஜுதீனின் ஓவியம் கோலாலம்பூர் தேசியக் கலைக்கூடத்தின் சேகரிப்பிலேயே இருக்கிறது. நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும்?

கூடங்கள் மூடுவதற்குக் காரணம் வேறு. பழைய வாடகைக் கட்டுப்பாடு 2000-ஆம் ஆண்டு தொடக்கத்தோடு போனது, 2008-இல் யுனெஸ்கோ பாரம்பரியத் தகுதி வந்தது, 2012-இல் லெபோ ஆர்மேனியன் தெருச் சுவரில் சைக்கிள் ஓட்டும் பிள்ளைகளின் சுவரோவியம் வந்தது, அதன்பின் இந்தப் பக்கம் கடைவீட்டு வாடகை யார் பேச்சையும் கேட்பதில்லை. (அந்தச் சைக்கிளோடு படம் எடுத்துவிட்டுப் பினாங்கின் கலையெல்லாம் பார்த்தாயிற்று என்று கிளம்புகிற கூட்டத்தின் மேல் எனக்குக் கோபம் இல்லை, அதில் நாலு பேர் வழிதவறி எங்கள் மாடிக்கும் வருகிறார்கள்.) எண்ணூறு வெள்ளிக்கு (ரிங்கிட்) ஓர் ஓவியம் விற்றால் பாதி ஓவியருக்கு. மிச்சப் பாதியில்தான் வாடகை, மின்சாரம், படத்துக்குச் சட்டம் போடுகிறவர் கூலி எல்லாம். பழைய சுண்ணாம்புச் சுவரில் ஆணி அடித்தால் பூச்சு பொலபொலவென்று உதிரும், ஈரமும் ஏறும், அதனால் முன்னால் பலகைத் தடுப்பு நிறுத்தி அதில் மாட்டுகிறோம். தாளில் வரைந்தது என்றால் பூஞ்சை பிடிக்காமலிருக்க ஈரம் உறிஞ்சும் இயந்திரம் ராத்திரி பகலாக ஓட வேண்டும். மின் கட்டணச் சீட்டைப் பார்த்தால் எனக்கே சில மாதம் ரசனை போய்விடுகிறது.

வாங்குகிறவர்கள் பணக்காரர்கள் என்றும் நினைக்க வேண்டாம். தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள், தாதியர், ஒரு லோரி ஓட்டுநர். தவணையில் கட்டுகிறார்கள். இதுவரை ஒருவரும் ஏமாற்றியதில்லை, விளம்பரச் செலவுக்கு உதவுவதாகச் சொல்லிவிட்டு மறந்துபோன சில பெரிய மனிதர்களைப் பற்றி அப்படிச் சொல்ல முடியவில்லை.

ஆகவே ஐயா, அடுத்த கண்காட்சிக்கு நிருபர் ஒருவரை அனுப்புங்கள். திறப்பு விழாவன்று வேண்டாம், கூட்டத்தில் ஓவியம் தெரியாது. சாதாரண நாளில் வந்து, ஒரு மணி நேரம் நின்று பார்த்து, பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்றே காரணத்தோடு எழுதட்டும், ஓவியர்களிடம் நான் பேசிக்கொள்கிறேன். திங்கட்கிழமை மட்டும் அடைப்பு. படி கொஞ்சம் செங்குத்து, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓவியக்கூடம் நடத்தும் வாசகி,
ஜார்ஜ் டவுன், பினாங்கு.