அப்பா கேட்ட ஷட்டர்

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்கள் நலம். போனில் பேசினால் உங்களுக்குப் பாதி கேட்பதில்லை. மீதியை அம்மா குறுக்கே புகுந்து பேசிவிடுகிறாள். போன வாரம், "அங்கே ஆற்றில் நம் மதகுக் கதவு மாதிரி ஷட்டர் உண்டா, யார் ஏற்றி இறக்குகிறார்கள்?" என்று கேட்டீர்களே, அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

நான் தினமும் வேலைக்குப் போவதே அதைத் தாண்டித்தான். லண்டன் பக்கம் தேம்ஸ் ஆற்றில் டெடிங்டன் என்று ஓர் இடம். வீடு ஹாம் என்ற ஊர்ப் பக்கத்துக் கரையில், வேலை எதிர்க்கரையில். நடுவில் ஒரு தீவு, அதன் இருபுறமும் நடைபாலம். ஹாம் பக்கத்துப் பாலத்தின் அடியில் படகு போகும் கால்வாய். இன்னொரு பாலம் தொங்குபாலம். அதில் நின்று பார்த்தால் மேலாற்றுப் பக்கம் வில்லாக வளைந்து கலிங்கு, அதாவது தண்ணீர் வழியும் குறுக்கணை தெரியும். கலிங்கின் ஒரு பகுதியில் தண்ணீர் தானாக வழிகிறது, ஒரு பகுதியில் கதவுகள். இரவு ஷிப்ட் முடிந்து வரும்போது இருட்டில் அந்த இரைச்சல் கேட்டால், ஐப்பசியில் நம் வாய்க்கால் தலைப்பில் நிற்பது போலவே இருக்கும். குளிரைத்தான் கணக்கில் சேர்க்கக்கூடாது.

கலிங்கு வழியாகப் படகு ஏற முடியாதல்லவா? அதற்குத்தான் பக்கத்தில் 'லாக்'. கருங்கல் தொட்டி மாதிரி ஒன்று, இரண்டு முனையிலும் இரட்டைக் கதவு. நேற்று ஒரு படகு மேலே போனதை முழுக்கப் பார்த்தேன். படகு உள்ளே வந்ததும் பின்கதவை மூடினார்கள். படகுக்காரர் கயிற்றைக் கரைக்கட்டையில் ஒரு சுற்றுச் சுற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். மேல்பக்கத்துச் சிறு மதகைத் திறந்ததும் தண்ணீர் கொப்பளித்து உள்ளே வந்தது. முதலில் படகின் கூரை மட்டும் தெரிந்தது, பிறகு அவர் தொப்பி, பிறகு காலடியில் சுருண்டு கிடந்த நாய். பம்பும் இல்லை, மோட்டாரும் இல்லை, தூக்கிவிட்டது ஆற்றுத் தண்ணீரேதான்.

"அவ்வளவு தண்ணீரை எதிர்த்து எப்படிக் கதவைத் திறக்கிறார்கள்?" என்று உடனே கேட்பீர்கள். திறப்பதே இல்லை அப்பா! கதவு இரண்டும் மேலாற்றைப் பார்த்துக் கூம்பி நிற்கின்றன. தண்ணீர் தள்ளத் தள்ள இன்னும் இறுகும். இருபக்கமும் மட்டம் ஒன்றான பிறகுதான் அசையும்.

இப்படி இங்கே மூன்று லாக். பெரியது 1904-இல் வந்தது, 650 அடி நீளம். இழுவைப்படகு தன் பின்னால் வரும் சரக்குத் தோணிகளோடு ஒரே தடவையில் நுழையலாம். மிகச் சிறியதற்கு 'சவப்பெட்டி' என்று செல்லப்பெயர். அதன் அகலத்தைப் பார்த்தால் சரி என்றுதான் தோன்றும்.

இன்னொன்று. கடல் ஓதம் லண்டன் நகர நடுவைத் தாண்டி இந்தக் கலிங்கு வரை வருகிறது. உப்புக் கரிக்காது, ஆனால் கீழ்ப்பக்கம் தண்ணீர் நாளுக்கு இரண்டு தடவை ஏறி இறங்கும். மேல்பக்கம் வழக்கமாக அந்த ஏற்ற இறக்கம் கிடையாது. 'டைட் எண்ட் டவுன்', அதாவது ஓதம் முடியும் ஊர் என்பதுதான் டெடிங்டன் ஆயிற்று என்று இங்கே கதை சொல்வார்கள். அந்தக் கதை பிறகு கட்டியது. பெயர் டுடா என்ற பழைய காலத்து ஆளின் பெயரிலிருந்து வந்தது.

1883 முதல் இங்கே ஓடும் தண்ணீருக்குக் கணக்கு இருக்கிறது. நீங்கள் விடியற்காலையில் டார்ச் அடித்து, தண்ணீர் மட்டம் காட்டும் கேஜ் பார்த்து நோட்டில் எழுதுவீர்களே, அதே வேலைதான். லாக்கைப் பார்த்துக்கொள்ளும் பெரியவரிடம் எங்கப்பா லஸ்கர் என்று சொன்னேன். அந்தச் சொல் அவருக்குப் புரியவில்லை. மதகு திறக்கிற வேலை என்றதும் முகம் மலர்ந்து, "அப்பா பார்த்ததில் அதிகபட்சம் எவ்வளவு தண்ணீர்?" என்று கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. எந்த வருடம், கேஜில் எத்தனை அடி, எத்தனை ஷட்டர் திறந்தீர்கள் என்று பழைய நோட்டைப் பார்த்து எழுதுங்கள். பார்க்கும்போதெல்லாம் கேட்கிறார்.

உங்கள் அன்பு மகள்