செக்

அன்புள்ள சண்முகத்திற்கு,

நலம், நலமறிய ஆவல். நான்கு மாதம் எழுதாமல் இருந்ததற்கு முதுகுவலியைக் காரணம் காட்டலாம். நீ நம்பமாட்டாய் என்பதால் விட்டுவிடுகிறேன்.

சென்ற வாரம் நான் கொடுத்த காசோலை ஒன்று, கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று வங்கியிலிருந்து திரும்பி வந்தது. "செக்கை ஒருமுறை செக் பண்ணிக் கொடுங்க சார்" என்றாள் அங்கிருந்த பெண். அவள் சொன்ன இரண்டு செக்கும், நான் அணிந்திருந்த கட்டம் போட்ட 'செக்டு' சட்டையும் ஒரே குடும்பம் என்பதை வீட்டுக்கு வந்து அகராதியைப் புரட்டிய பிறகுதான் அறிந்தேன்.

எல்லாவற்றிற்கும் மூலம் பாரசீகத்தின் 'ஷா', அதாவது அரசன். சதுரங்கத்தில் அரசனுக்கு ஆபத்து என்று எச்சரிக்கும் அச்சொல், அரபு வழியாகப் பழைய பிரெஞ்சை அடைந்து, ஆங்கிலத்தில் செக் ஆயிற்று. எச்சரித்தால் ஆட்டம் ஒரு கணம் நிற்குமல்லவா? அதிலிருந்து தடுத்தல், கட்டுப்படுத்தல், பிறகு சரிபார்த்தல் என்று பொருள் வளர்ந்திருக்கிறது. செஸ் என்ற பெயரும் இதன் பன்மையிலிருந்து வந்ததுதான். நாம் நால்வகைப் படையைக் கொண்டு பெயர் வைத்தோம். அவர்களோ அரசனைப் பிடித்துக்கொண்டார்கள்.

என்னை மிகவும் கவர்ந்தது வேறொன்று. 12ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில், ஏறத்தாழப் பத்தடி நீளமும் ஐந்தடி அகலமும் உள்ள மேசையில் கோடிட்ட துணியை விரித்து, காய்களை நகர்த்தி அரசாங்கக் கணக்குப் பார்த்தார்களாம். சதுரங்கப் பலகையைப் போலிருந்ததால் அந்த அலுவலகமே 'எக்ஸ்செக்கர்' ஆகி, இன்றும் அந்நாட்டு நிதியமைச்சரின் பதவிப்பெயரில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. காசோலையை ஆங்கிலேயர் 'க்யூ' போட்டு எழுதுவதும் அதன் சாயலில்தான்; அமெரிக்கர் அந்த வம்பையே வைத்துக்கொள்ளவில்லை. 18ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் காசோலைக்கான அச்சொல் குறித்தது, சீட்டைக் கிழித்துக் கொடுத்தபின் மோசடியைக் கண்டுபிடிப்பதற்காகக் கையில் வைத்துக்கொள்ளும் அடிக்கட்டையை. ஆகவே, என் கையெழுத்தைச் சந்தேகித்த வங்கியின் மீது கோபப்பட எனக்கு வழியில்லை.

விடுதியில் நீ "செக்!" என்று கத்தும்போதெல்லாம், "மாடு எங்கேடா?" என்று கேட்பானே மணி, அவனுக்கு இதையெல்லாம் சொல்லாதே, ஒரு மாதத்திற்கு விடமாட்டான்.

உன்னிடம் மறைப்பானேன், கை நடுங்குகிறது. வியாழக்கிழமை மருத்துவரிடம் செக்கப். 'ஷா மாத்' என்றால் அரசன் செய்வதறியாது நிற்கிறான் என்று பொருளாம். அன்று வங்கியில் நான் நின்றதும் அப்படித்தான்.

பொங்கலுக்கு வா. பலகையைத் துடைத்து வைத்திருக்கிறேன். தொலைந்த யானைக்குப் பதில் இன்னும் அந்தப் புட்டி மூடிதான்.

அன்புடன்,
ராமு