அக்கா, அந்தப் பூச்சி வௌவாலுக்கு விழவில்லை

அக்கா,

நாளையோடு ஆறு வருஷம். எதற்கு என்று உங்களுக்குத் தெரியும். மற்றவர்களுக்கு நான் சொல்லப்போவதில்லை. நம் இருவரையும் தெரிந்தவர்கள் இதைப் படிப்பார்கள்.

அந்த ராத்திரி, வௌவால் கத்துவதை நம் காதுக்குக் கேட்கும்படி மாற்றித்தரும் டிடெக்டரும் ஹெட்ஃபோனும் என்னிடம், நோட்டு உங்களிடம். வௌவால் தூரத்தில்தான் இருந்தது. டக்… டக்… என்று விட்டு விட்டுக் கேட்டது. இரையை நெருங்கினால் அது நொடிக்கு நூறு தடவைக்கு மேல் கத்தும், ஹெட்ஃபோனில் பர்ர்ரென்று ஒரே இழையாக வரும். அப்படி எதுவும் வரவில்லை. ஆனாலும் விளக்கைச் சுற்றிக்கொண்டிருந்த பழுப்பு அந்துப்பூச்சி சட்டென்று இறக்கையை மடக்கி உங்கள் நோட்டின் மேல் விழுந்தது.

அதன் காதைப் பற்றி நீங்கள்தான் சொல்லிக்கொடுத்தீர்கள். மார்பில் பக்கத்துக்கு ஒரு காது, ஒரு காதுக்கு ஒலியை உணர இரண்டே நரம்பு செல். மெலிதான ஒலிக்கு ஒரு செல் மட்டும் துடிக்கும், பூச்சி திசைமாறிப் போய்விடும். பலத்த ஒலி வந்து இரண்டும் துடித்தால்தான் விழும். "தூரத்து வௌவாலுக்கு இது ஏன்டா விழுந்தது?" என்று கேட்டுக்கொண்டே எழுதினீர்கள்.

வௌவாலுக்கு விழவில்லை அக்கா. என் பாக்கெட்டில் சாவிக்கொத்து குலுங்கியது. உலோகம் உரசினால் நம் காதுக்கு எட்டாத ஒலியும் கிளம்பும். ஹெட்ஃபோனில் சர்ரென்று கேட்டது, எனக்கு மட்டும்.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். மூன்று வாரம் வெறுங்கையோடு திரும்பியபின் அன்றுதான் சிரித்தீர்கள். அதைக் கெடுக்க மனசு வரவில்லை. மன்னித்துவிடுங்கள். ஆனால், ஹெட்ஃபோனில் என்ன கேட்டது என்று நீங்கள் ஒரு தடவையாவது கேட்டீர்களா? "பிடிச்சுக்கோ" என்பீர்கள், அவ்வளவுதான். பிடித்துக்கொண்டு நின்றவன் பெயர் நன்றிப் பட்டியலிலாவது வந்திருக்கலாம். இதற்குமேல் இங்கே வேண்டாம்.

நீங்கள் எப்போதும் வௌவால் கட்சி. வருஷத்துக்கு ஒரு குட்டிதான் போடும், பிராண்ட் வௌவால் என்ற வகையில் ஒன்று 41 வருஷம் வாழ்ந்திருக்கிறது, பாவம் அதைப் பார் என்பீர்கள். சில வாரமே வாழ்ந்து நூற்றுக்கணக்கில் முட்டையிடும் பூச்சிக்காக நான் வாதாடுவேன். தவறவிட்டால் வௌவாலுக்கு ஒரு வாய்ச் சாப்பாடு போகும், பூச்சிக்குப் போவது உயிர். எந்த வௌவாலும் எழுப்பாத 300 கிலோஹெர்ட்ஸ் வரை மெழுகு அந்துப்பூச்சிக்குக் கேட்கும் என்று படித்தபோது, போனை எடுத்து உங்கள் எண் வரை போய்விட்டேன்.

அந்தப் பக்கத்தில் இறக்கைச் செதில் இன்னும் ஒட்டியிருக்கும், தேடினால் கிடைக்கும். அந்த வரியை அடித்துவிடுங்கள்.

தம்பி