காற்றையும் கணக்கில் சேர்த்த ஆட்டம்

அன்புள்ள முத்துவுக்கு,

உன் கடிதம் சென்ற வாரம் வந்து சேர்ந்தது. பப்ஜியில் 300 மீட்டர் தொலைவில் குறுக்காக ஓடியவனின் தலைமீது குறியைச் சரியாக வைத்துச் சுட்டும், கார்98கே துப்பாக்கியின் தோட்டா அவனுக்குப் பின்னால் மண்ணில் போய் விழுந்தது ஏன் என்று கேட்டிருந்தாய். கல்லூரி நாட்களில் பிரவுசிங் சென்டரில் கவுன்டர்-ஸ்ட்ரைக் ஆடியபோது நமக்கு இந்தக் கேள்வி எழுந்ததே இல்லை. ஏனெனில் அங்கே தோட்டா என்ற ஒன்று பறக்கவே இல்லை. நாம் சுட்ட கணத்தில் குறியின் திசையில் கணினி ஒரு கோட்டை இழுக்கும். அந்தக் கோடு முதலில் எதைத் தொடுகிறதோ அதற்கு அடி விழும். ஹிட்ஸ்கேன் என்று சொல்வது இதைத்தான்.

பப்ஜியில் தோட்டாவுக்கு வேகம் உண்டு. கார்98கே தோட்டா வினாடிக்கு 760 மீட்டர் வேகத்தில் கிளம்புகிறது என்றால், 300 மீட்டரைக் கடக்க 0.4 வினாடி ஆகும். அதற்குள் வினாடிக்கு 6 மீட்டர் ஓடுகிறவன் 2.4 மீட்டர் நகர்ந்திருப்பான்; தோட்டாவும் புவியீர்ப்பால் 78 சென்டிமீட்டர் இறங்கியிருக்கும். ஸ்கோப்பை 300 மீட்டருக்கு ஜீரோ செய்தால், அதாவது அந்தத் தொலைவில் குறியும் தோட்டாவும் ஒன்று சேரும்படி அமைத்தால், இறக்கம் சரியாகிவிடும். ஓட்டத்துக்கு அப்படி ஒரு வசதி இல்லை. அவன் இரண்டரை மீட்டர் தள்ளி எங்கே இருப்பான் என்று கணித்து அந்த வெற்றிடத்தில்தான் சுட வேண்டும்.

இதைக் கணினி செய்யும் விதமும் உனக்குப் பிடிக்கும். வினாடிக்கு 60 முறை கணக்கிடும் ஓர் ஆட்டத்தில் இந்தத் தோட்டா ஒரு கணக்கீட்டுக்கும் அடுத்த கணக்கீட்டுக்கும் இடையே ஏறக்குறைய 13 மீட்டர் தாவிவிடும். நிற்கும் புள்ளிகளை மட்டும் சோதித்தால் நடுவில் உள்ள சுவரை அது துளையின்றிக் கடந்துவிடும். ஆகவே ஒவ்வொரு தாவலுக்கும் ஒரு சிறு கோட்டை இழுத்து, வழியில் ஏதேனும் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். பழைய ஹிட்ஸ்கேன் கோடு இப்போது துண்டு துண்டாக வளைந்து செல்கிறது.

ஆனால் என்னை உண்மையில் கவர்ந்தது காற்றுதான். புவியீர்ப்பை மட்டும் சேர்த்த ஆட்டங்களில் தோட்டா கலிலியோ கண்ட பரவளையத்திலேயே செல்கிறது. வேகமாகச் செல்லும் குண்டை அந்நாளில் எண்ணியதைவிடப் பன்மடங்கு வலுவாகக் காற்று தடுக்கிறது என்பதை, ஊசல் ஒன்றின்மேல் குண்டுகளைச் சுட்டு அளந்த பெஞ்சமின் ராபின்ஸ் 1742இல் எழுதினார். 7.62 மில்லிமீட்டர் தோட்டா ஒன்று வினாடிக்கு 790 மீட்டரில் கிளம்பினால், காற்றே இல்லாத வெளியில் 800 மீட்டரை ஒரு வினாடியில் கடந்துவிடும். காற்றில் ஏறத்தாழ 1.4 வினாடி ஆகும். பக்கக் காற்று தோட்டாவை எவ்வளவு ஒதுக்கும் என்பதை இந்த 0.4 வினாடித் தாமதமே தீர்மானிக்கிறது. வினாடிக்கு 4 மீட்டர் காற்று என்றால் 1.6 மீட்டர் விலகல். காற்றுத்தடையே இல்லாத தோட்டாவைப் பக்கக் காற்று அசைக்கவும் முடியாது. எனவே தடையைக் கணக்கில் எடுக்காமல் காற்றை மட்டும் சேர்க்கும் ஆட்டம், தோட்டாவைப் பக்கவாட்டில் கையால் தள்ளிவிடுவதைப் போன்றதையே செய்கிறது.

2007இல் வந்த கால் ஆஃப் டியூட்டி 4இல் பிரிப்யாட் நகரக் காட்சி உனக்கு நினைவிருக்கும். கோரியோலிஸ் விளைவையும் (பூமி சுழல்வதால் தோட்டா விலகுவதையும்) கருத்தில் கொள் என்று மேலதிகாரி சொன்னதும் நாம் இருவரும் வியந்தோம். பின்னாளில் கணக்கிட்டுப் பார்த்தேன்: அந்த அட்சரேகையில் 900 மீட்டருக்கு வலப்புற விலகல் ஒரு சாணுக்கும் குறைவு. காற்று செய்வதோடு ஒப்பிட்டால் அது மிகச் சிறியது.

இப்போது நான் ஆடுவது போஹீமியா இன்டராக்டிவ் நிறுவனத்தின் ஆர்மா 3. அந்த ஆட்டத்தில் காற்றுத்தடை உண்டு. ஏஸ் என்ற மாட் (ஆடுபவர்களே உருவாக்கிய கூடுதல் இணைப்பு) சேர்த்தால் பக்கக் காற்று, வெப்பநிலை, காற்றழுத்தம், தோட்டாவின் சுழற்சியால் வரும் விலகல் எல்லாம் கணக்கில் வருகின்றன. சென்ற ஞாயிறு இரவு 700 மீட்டர் இலக்குக்கு அரை மணி நேரம் செலவிட்டேன். ஸ்கோப்பின் கோடுகளில் ஒரு மில் என்பது 1000 மீட்டரில் ஒரு மீட்டர்; 1.8 மீட்டர் உயர ஆள் 3 மில் தெரிந்தால் 600 மீட்டர் என்ற கணக்கில் தொலைவை அளந்து, ஸ்கோப்பின் குமிழைத் திருகி, மூச்சை அடக்கிச் சுட்டேன். தோட்டா வலப்பக்கம் ஒரு முழம் தள்ளிப் புழுதி கிளப்பியது. புழுதியைக் கண்ட பிறகுதான் காற்றின் உண்மையான பலம் தெரிந்தது. இரண்டாவது தோட்டா பட்டது. சுட்டதற்கும் பட்டதற்கும் இடையிலான அந்த ஒரு வினாடிக் காத்திருப்பை வேறெந்த ஆட்டமும் எனக்குத் தந்ததில்லை.

காற்றைத் திரையின் மூலையில் ஓர் அம்புக்குறியாகக் காட்டும் ஆட்டங்களை நான் முழு மனத்தோடு ஏற்கவில்லை. புல் சாய்வதிலும் புகை வளைவதிலும் கானல் ஓடும் திசையிலும் ஆடுபவனே அதைப் படிக்க வேண்டும். அப்படிப் படிக்க இரண்டு பேர் தேவை என்பதால்தான் உண்மையான ஸ்னைப்பர்களும் பக்கத்தில் ஸ்பாட்டரை, அதாவது பார்த்துச் சொல்லும் துணையாளை, வைத்துக்கொள்கிறார்கள்.

அந்த இடத்துக்கு எனக்கு நீதான் வேண்டும். வரும் சனிக்கிழமை இரவு ஒன்பது மணிக்கு வா. ஏஸை நிறுவும் முறையைத் தனியே எழுதி அனுப்புகிறேன். முதலில் நான் சுடுகிறேன், நீ புழுதியைப் பார்த்துச் சொல், பிறகு மாற்றிக்கொள்வோம்.

அன்புடன்,
சேகர்