கடைசி ஆள் வரும்வரை நின்றவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும்,

வணக்கம். ரத்தப் புற்றுநோய்க்கு நிதி திரட்ட நம் அணியோடு ஓடிய மாரத்தான் முடிந்து இன்றோடு பதினோரு நாள். இடது கால் பெருவிரல் நகம் இன்னும் கறுப்பாகத்தான் இருக்கிறது. மாடிப்படி இறங்கும்போது மட்டும் தொடை லேசாகப் பிடிக்கிறது. மற்றபடி நன்றாக இருக்கிறேன்.

ஒவ்வொருவரையும் நேரில் பார்த்து நன்றி சொல்ல வேண்டும் என்றுதான் நினைத்திருந்தேன். பட்டியல் எழுத உட்கார்ந்தால் ஆட்கள் நூறைத் தாண்டிவிட்டார்கள். அதனால் எல்லோருக்கும் சேர்த்துப் பொதுவில் எழுதுகிறேன். யார் பெயரையும் போடவில்லை. படிக்கும்போது 'இது நான்தான்' என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

அண்ணனிடமிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் எல்லாமே அங்கிருந்துதான் தொடங்கியது. ஆறு வருடத்துக்கு முன்னால், வேறு எதற்காகவோ எடுத்த ரத்தப் பரிசோதனையில் அவருக்கு வெள்ளை அணுக்கள் தாறுமாறாக ஏறியிருந்தன. நாள்பட்ட மைலாய்டு லுகேமியா என்றார்கள், ரத்தப் புற்றுநோயில் ஒரு வகை. அந்த ஒரு வாரம் வீட்டில் யாரும் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. பிறகு மருத்துவர் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். தினமும் சாப்பாட்டோடு, ஒரு பெரிய டம்ளர் தண்ணீரோடு போட வேண்டும். அவ்வளவுதான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் கொடுத்து, அந்த நோய்க்கான மரபணு எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று பார்ப்பார்கள். ஒவ்வொரு முறையும் முடிவு வரும்வரை எங்களுக்கு மூச்சு முட்டும். இப்போது அது கருவிக்குத் தட்டுப்படாத அளவுக்கு இறங்கியிருக்கிறது. அண்ணன் வேலைக்குப் போகிறார், சண்டை போடுகிறார், சிரிக்கிறார்.

அந்த மாத்திரை எங்கிருந்து வந்தது என்று தேடிப் படித்த இரவை என்னால் மறக்க முடியாது. 1960ல் பிலடெல்பியாவில் இரண்டு ஆய்வாளர்கள், இந்த நோய் உள்ளவர்களின் ரத்த அணுக்களில் வழக்கத்தைவிடக் குட்டையான ஒரு குரோமோசோமைப் பார்த்தார்கள். 1973ல் ஜேனட் ரௌலி என்ற ஆய்வாளர், ஒன்பதாம் எண் குரோமோசோமும் இருபத்திரண்டாம் எண் குரோமோசோமும் தங்களுக்குள் துண்டு மாற்றிக்கொண்டதால் வருவது அது என்று கண்டுபிடித்தார். அந்த மாற்றத்தின் விளைவைத் தடுக்கும் இமாட்டினிப் என்ற அந்த மாத்திரைக்கு 2001ல்தான் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. நடுவில் 41 வருடம். இந்த ஆராய்ச்சிகளுக்காக முகம் தெரியாத எத்தனை பேர் பணம் கொடுத்திருப்பார்கள்! அதில் பாதிப் பேராவது பலனைப் பார்க்காமலே போயிருப்பார்கள். அவர்களுக்கு நன்றி சொல்ல எனக்கு வேறு வழி தெரியவில்லை. அடுத்த 41 வருடத்துக்குக் கொடுக்கிறவர்கள் வரிசையில் நானும் நின்றுகொள்ளலாம் என்று தோன்றியது. அப்படித்தான் ரத்தப் புற்றுநோய்க்காக நிதி திரட்டும் ஓட்ட அணியில் பெயர் கொடுத்தேன். அப்போது எனக்கு வயது 47. பள்ளிக்கூடத்துக்கு அப்புறம் ஓடியதே இல்லை.

கோச், இனி உங்களுக்கு. முதல் நாள் நீங்கள் எங்களை ஓடச் சொல்லவில்லை, வட்டமாக உட்கார வைத்து ஒரு கதை சொன்னீர்கள். 1988ல் புரூஸ் கிளீலண்ட் என்ற ஒருவர், லுகேமியா வந்த தன் மகளை நினைத்து 38 பேரைச் சேர்த்துக்கொண்டு நியூயார்க் மாரத்தான் ஓடினார். அந்த 38 பேரும் சேர்ந்து 3,22,000 டாலர் திரட்டினார்கள். ஒரு நல்ல காரியத்துக்காக ஒன்றாகப் பயிற்சி எடுத்து ஓடும் அணிகள் உலகமெங்கும் பெருகியதற்கு அது ஒரு பெரிய காரணம் என்றீர்கள். "அந்த 38 பேரும் ஓட்டக்காரர்கள் என்று நினைக்காதீர்கள். கேட்டதும் சரி என்று சொன்னவர்கள்" என்று முடித்தீர்கள். எனக்கு அந்த 'சரி' போதுமானதாக இருந்தது.

அப்புறம் ஒரு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை. 1972 ஒலிம்பிக்கில் ஓடிய ஜெஃப் காலவே பரப்பிய முறை இது, இதில் குறைவாக நினைக்க ஒன்றும் இல்லை என்றீர்கள். இருபது வாரம். வாரா வாரம் தூரத்தைப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் ஏற்றவிடவில்லை. நான்காவது வாரம் வந்தால் கறாராகக் குறைத்துவிடுவீர்கள். பக்கத்தில் வருபவரோடு பேச முடிகிற வேகத்தில்தான் ஓட வேண்டும், மூச்சு வாங்கிப் பேச்சு நின்றால் வேகம் தப்பு என்பது உங்கள் விதி. அது நுரையீரலுக்காகப் போட்ட விதி. ஆனால் அதனால்தான் நாங்கள் பேசிக்கொண்டோம். மூன்று மணி நேரம் பேசிக்கொண்டே ஓடினால் பேசுவதற்கு நாட்டு நடப்பெல்லாம் தீர்ந்து, சொந்தக் கதைதான் மிஞ்சும். அணியில் யாருக்கு யார் இல்லை, யார் இன்னும் சிகிச்சையில் இருக்கிறார்கள் என்பதெல்லாம் நான் தெரிந்துகொண்டது தெருவிளக்கு அணையாத அந்தச் சனிக்கிழமை விடியல்களில்தான்.

பதினாறாவது வாரம் நடந்ததை இங்கே எழுதியே ஆக வேண்டும். அன்று 28 கிலோமீட்டர். வெயிலுக்குப் பயந்து, தாகம் இருக்கிறதோ இல்லையோ, வழியில் இருந்த ஒவ்வொரு தண்ணீர் மேசையிலும் இரண்டு கோப்பை குடித்தேன். 24ஆவது கிலோமீட்டரில் தலை கனத்து, வயிறு புரட்டியது. தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னொரு கோப்பைக்குக் கை நீட்டினேன். நீங்கள் கோப்பையைப் பார்க்கவில்லை, என் விரலைப் பார்த்தீர்கள். "மோதிரம் இறுகுதா?" என்று கேட்டீர்கள். சுற்றிப் பார்த்தேன், அசையவில்லை. விரல்கள் வீங்கியிருந்தன. கோப்பையை வாங்கி மேசையில் வைத்துவிட்டு என்னை உட்கார வைத்தீர்கள். அளவுக்கு மேல் தண்ணீர் குடித்தால் ரத்தத்தில் சோடியம் குறைந்துபோகும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். 2002 பாஸ்டன் மாரத்தானில் 488 பேரின் ரத்தத்தைப் பார்த்ததில் 13 சதவீதம் பேருக்கு அந்தக் குறைவு இருந்ததாம். முற்றினால் வலிப்பு வரும், உயிரே போகும். அன்று என்னை மேற்கொண்டு ஓடவிடாமல், மருத்துவரிடம் காட்டி, மாலை வரை மூன்று முறை போன் செய்து கேட்டீர்கள். முப்பது பேர் ஓடுகிற இடத்தில் ஒருத்தியின் மோதிரத்தைக் கவனிக்க எப்படிப்பட்ட கண் வேண்டும் கோச்! பிறகு தாகம் எடுத்தால் மட்டும் குடிக்கப் பழகினேன். மோதிரத்தைச் சுற்றிப் பார்ப்பது இப்போதும் வழக்கமாக இருக்கிறது.

அணியின் கடைசி ஆளோடு எப்போதும் வரும் ஐயாவுக்கு: நான்தான் பெரும்பாலும் அந்தக் கடைசி ஆள். இளவயதில் மூன்றரை மணி நேரத்துக்குள் மாரத்தான் முடித்தவர் நீங்கள் என்று மற்றவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். முதலுதவிப் பையை முதுகில் மாட்டிக்கொண்டு, என் வேகத்துக்கு இருபது வாரம் நடந்தும் ஓடியும் வந்தீர்கள். நான் பக்கத்தில் இருக்கும்போது கைக்கடிகாரத்தைச் சட்டைக் கைக்குள் இழுத்து மறைத்துக்கொள்வீர்கள். நான் கவனித்தேன் ஐயா. நேரம் பார்ப்பது தெரிந்தால் நான் அவசரப்படுவேன் என்றுதானே? எட்டாவது வாரம் கொட்டும் மழையில் எல்லோரும் முடித்துவிட்டுப் போயிருப்பார்கள் என்று நினைத்தேன். வளைவைத் தாண்டினால் அத்தனை பேரும் நனைந்துகொண்டே நிற்கிறார்கள். கடைசி ஆள் வரும்வரை யாரும் கிளம்புவதில்லை என்பது நீங்கள் பல வருடத்துக்கு முன் கொண்டுவந்த பழக்கமாம். அதற்கு முன்பு 'இன்னொரு வாரம் பார்த்துவிட்டு விலகிக்கொள்ளலாம்' என்று மனதுக்குள் ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. அந்த மழையோடு அந்தக் கணக்கு போனது.

முழங்காலின் வெளிப்பக்கம் வலி வந்தபோது நான் முதலில் போன இடத்தில் காலைத் தொட்டுக்கூடப் பார்க்காமல், "இந்த வயதில் எதற்கு ஓட்டம்?" என்று அனுப்பிவிட்டார்கள். அழுதுகொண்டே வந்தேன். அணியில் இருக்கும் பிசியோதெரபிஸ்ட் தம்பி, இடுப்புத் தசை பலவீனமாக இருப்பதால் முழங்கால் பாரம் சுமக்கிறது என்று கண்டுபிடித்து நான்கே நான்கு பயிற்சி சொல்லிக் கொடுத்தாய். ஐந்து வாரத்தில் வலி போனது. நீ நன்றாக இருக்க வேண்டும் தம்பி.

வீட்டில் இருப்பவர்களுக்கு: இருபது வாரம் வெள்ளிக்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்கு விளக்கை அணைத்தீர்கள். எதற்கு என்று ஒரு நாளும் கேட்கவில்லை.

பணம் கொடுத்தவர்களே, உங்களிடம் கேட்பதுதான் ஓடுவதைவிடக் கடினமாக இருந்தது. யாரிடமும் கை நீட்டி எனக்குப் பழக்கமில்லை. முதல் செய்தியை எழுதிவிட்டு நான்கு நாள் அனுப்பாமல் வைத்திருந்தேன். அனுப்பிய பத்தாவது நிமிடத்தில் முதல் பதில் வந்தது. ஏதோ சில்லறை மனத்தாங்கலில் பன்னிரண்டு வருடமாகப் பேசாமல் இருந்த தோழி அவள். பணத்தோடு ஒரே ஒரு வரி: "உங்க அண்ணன் எப்படி இருக்கார்?" அன்று இரவு ஒரு மணி வரை பேசினோம். கல்லூரிப் பையன் ஒருவன் மாதா மாதம் தன்னால் முடிந்த சிறு தொகையை, தவறாமல், ஐந்து மாதம் போட்டான். தம்பி, பெரிய தொகைகளோடு சேர்த்துத்தான் உன்னுடையதையும் எழுதி வைத்திருக்கிறேன், அதே கையெழுத்தில், அதே நோட்டில்.

அலுவலகத்தில் அதிகம் பேசாத ஒருவர் உறையை மேசைமேல் வைத்துவிட்டு, "எங்க அப்பா பேரை எழுதிக்கிட்டு ஓடுவீங்களா மேடம்?" என்று கேட்டார். அவர் அப்பா போனது இந்த நோயில்தான் என்று எனக்கு அதுவரை தெரியாது. அவர் கேட்டதைச் சொன்னதும் இன்னும் சிலர் கேட்டார்கள். கடைசியில் 14 பெயர்கள். மையில் எழுதினால் வியர்வையில் கரையும் என்று, அணியில் இருக்கும் ஒரு அக்கா பதினான்கையும் மெல்லிய ரிப்பனில் தைத்து, சட்டையின் உள்பக்கம் உறுத்தாமல் இருக்க மடித்துத் தைத்துக் கொடுத்தார். இரண்டு ராத்திரி வேலை அது. அக்கா, ஒரு ரிப்பன்கூட அவிழவில்லை.

ஓட்ட நாளில் 28 கிலோமீட்டர் வரை எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. கால்கள் பழகிய வேலையைச் செய்தன. தண்ணீர் மேசைகளில் நின்ற பிள்ளைகளே, வேகமானவர்கள் எல்லாம் போய் ஒன்றரை மணி நேரம் ஆன பிறகும், கோப்பையை இரண்டு விரலில் பிடித்துக் கை நீட்டி நின்றீர்கள். எண் அட்டையில் இருந்த பெயரைப் படித்துக் கூப்பிட்டீர்கள். உங்களுக்கு அது சின்ன விஷயமாக இருக்கலாம், எனக்கு இல்லை.

29ஆவது கிலோமீட்டரிலிருந்து ஒரு கிலோமீட்டருக்கு ஒரு பெயர் என்று வைத்திருந்தேன். 29 முதல் 42 வரை சரியாகப் பதினான்கு. உடம்பில் சேர்ந்திருக்கும் மாவுச்சத்து 30, 32 கிலோமீட்டர் வாக்கில் தீர்ந்துபோகும், அதன் பிறகு ஒவ்வொரு அடியும் பேரம் என்று கோச் சொல்லியிருந்தார். முக்கால் மணி நேரத்துக்கு ஒருமுறை சக்தி தரும் இனிப்பு ஜெல் என்று தவறாமல் எடுத்தும்கூட 33ல் கால் கல்லானது. 34ஐத் தாண்டியதும் வலது கெண்டைக்கால் சுருட்டிப் பிடித்தது. அப்படியே சாலையோரம் உட்கார்ந்துவிட்டேன். எழுந்து நிற்க முடியும் என்று தோன்றவில்லை.

அண்ணன் அந்த இடத்துக்குப் பக்கத்தில்தான் நின்றிருக்கிறார். ஓடி வந்து என் எதிரில் மண்டியிட்டார். முழங்காலை ஒரு கையால் நீட்டிப் பிடித்து, இன்னொரு கையால் ஷூவின் முனையைப் பற்றி, விரல்களை என் பக்கமாக மெதுவாக இழுத்தார். அவசரமே இல்லை. "மூச்சை விடு. இப்போ விட்டுடும். எண்ணு" என்றார். எப்படித் தெரியும் என்று கேட்டேன். "மாத்திரைக்கு எனக்கு ராத்திரி ராத்திரி இப்படித்தான் பிடிக்கும். சுவத்துல காலை முட்டுக்கொடுத்து நானே எடுத்துக்குவேன்" என்றார். ஆறு வருடம். பக்கத்து அறையில் தூங்கிய எங்களில் யாரையும் அவர் ஒரு நாளும் எழுப்பவில்லை. அந்தச் சாலையோரத்தில்தான் எனக்கு அது தெரிந்தது. அண்ணா, உனக்கு நான் எந்த வார்த்தையில் நன்றி சொல்வது?

இருபது எண்ணுவதற்குள் தசை தளர்ந்தது. அது 35ஆவது கிலோமீட்டர், ரிப்பனில் அந்த அலுவலக நண்பரின் அப்பா பெயர். அவரோடு நடந்தேன், பிறகு ஓடினேன்.

கடைசி இரண்டு கிலோமீட்டர் இருக்கும்போது எதிர்த்திசையிலிருந்து கோச் வருவது தெரிந்தது. அணியில் அன்று மாரத்தான் ஓடிய எங்கள் ஒன்பது பேரையும் ஒவ்வொருவராக எதிர்கொண்டு அழைத்துப் போயிருக்கிறார். கூட்டிப் பார்த்தால் அந்த இரண்டு கிலோமீட்டரிலேயே 36 கிலோமீட்டர் போயும் வந்தும் இருக்கிறார். ஒன்பதாவது ஆள் நான். என்னிடம் ஒன்றும் பேசவில்லை, நான் பேச முடிகிறதா என்று மட்டும் பார்த்தார். முடிந்தது.

42.195 என்ற கணக்கு 1908 லண்டன் ஒலிம்பிக்கில் வந்தது. விண்ட்சர் கோட்டையில் தொடங்கி, அரங்கில் அரச குடும்பம் உட்கார்ந்திருந்த இடத்துக்கு முன்னால் முடியும்படி வைத்த தூரம் அது. 1921ல் எல்லா மாரத்தானுக்கும் அதுவே என்று ஆனது. பதினான்கு பெயர்களும் முடிந்த பிறகு எனக்கு மிச்சமிருந்தது அந்த 195 மீட்டர். அதை அண்ணனுக்கு வைத்திருந்தேன். கோட்டுக்கு அந்தப் பக்கம் அணி முழுக்க நின்றது. ஐயா கைக்கடிகாரத்தைச் சட்டைக் கைக்குள்தான் வைத்திருந்தார். ஆறு மணி பதினெட்டு நிமிடம் என்று வேறு யாரோதான் சொன்னார்கள்.

திரட்டிய பணம் மொத்தமும் போய்ச் சேர்ந்துவிட்டது, ரசீதுகள் ஒவ்வொருவருக்கும் இந்த வாரம் வரும். பதினான்கு ரிப்பன்களையும் கழற்றித் துவைத்து வைத்திருக்கிறேன். கேட்டவர்கள் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறேன். அடுத்த அணிக்குப் பயிற்சி ஆரம்பித்ததும் சனிக்கிழமை தண்ணீர் மேசையில் நானும் அண்ணனும் நிற்போம். கடைசி ஆள் வரும்வரை.

அன்புடன்,
உங்கள் அணியின் ஒன்பதாவது ஆள்