கூட்டு நாடக விழா போட்டி அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

பன்னாட்டுப் பள்ளிகள் சேர்ந்து நடத்தும் மாணவர் நாடக விழா பல இடங்களில் வெறும் வரிசை நிகழ்ச்சியாகிவிடுகிறது. ஒத்திகை பார்த்த நாடகத்தோடு வந்து, நடித்து, சான்றிதழ் வாங்கிக்கொண்டு பேருந்து ஏறிவிடுகிறார்கள். அதில் கூட்டு எங்கே?

இஸ்டா எனப்படும் பன்னாட்டுப் பள்ளிகள் நாடகச் சங்கம் 1978 முதல் இயங்குகிறது. அதன் விழாக்களில் பள்ளி வாரியாக அணி கிடையாது. எல்லோரையும் கலந்து புதுக் குழுக்கள் அமைத்து, சில நாள்களில் புதுப் படைப்பை உருவாக்குகிறார்கள். நாமும் அப்படியே செய்யலாம்.

80 மாணவர் வந்தால் இருபது இருபதாக நான்கு குழு போதும். ஒரே பள்ளியிலிருந்து ஒரு குழுவில் நான்கு பேருக்கு மேல் வேண்டாம்; மீறினால் தங்களுக்குள்ளேயே பேசிக்கொண்டு ஒதுங்கிவிடுவார்கள். ஒவ்வொரு குழுவுக்கும் தனி அறை தேவை. மேசை நாற்காலிகளை முந்தைய நாளே அகற்றாவிட்டால் முதல் காலை அதிலேயே போய்விடும்.

எங்களுக்குப் பெரிய கவலை மொழிதான். முதல் மணி நேரமே ஆங்கில விவாதமாக இருந்தால், சரளமாகப் பேசுகிறவர் கதை எழுதுவார், தயங்குகிற பிள்ளை கடைசிவரை மரமாக நிற்கும். அதனால் அசைவு, தாளம், உறைநிலைக் காட்சி (ஒரு தருணத்தைச் சிலைபோல் அசையாமல் நின்று காட்டுவது) ஆகியவற்றில் தொடங்க வேண்டும். வசனம் இரண்டாம் நாள் வரட்டும், அவரவர் தாய்மொழியிலும் வரட்டும்.

நிறைவுக் காட்சி குழுவுக்கு 8 நிமிடம். சொதப்புவது பெரும்பாலும் குழு மாறும் இடைவெளியில்தான். அன்று காலையே நுழைவு, வெளியேற்றம், இசை, விளக்கு மாற்றங்களை மட்டும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

நாடக ஆசிரியர்கள் சிலர்,
சென்னை